நடக்காத வேலைக்கு ஒரு ஜாப் கார்டு

காலை 8:41.

மூட்டு சிகிச்சை மையத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் காவலாளிக்கு இரண்டு சத்தங்கள் கேட்டன. முதலில் ஒரு மோதல். அதோடு ஒட்டிக்கொண்டே, வெடி வெடித்ததுபோல் இன்னொன்று.

ஓடினார். இறங்குசரிவின் அடியில், மழை ஈரத்தில் வழுக்கிய வெள்ளி நிறக் கார் தூணில் முட்டி நின்றிருந்தது. ஒரு விளக்கு உடைந்து, பம்பர் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான். இந்த மாதிரி இடித்தவர்கள் இறங்கி வந்து பம்பரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். இந்தக் காரிலிருந்து யாரும் இறங்கவில்லை.

நான்கு கதவுகளும் உள்ளிருந்து பூட்டியிருந்தன. தீயணைப்பு உருளையால் பின்கண்ணாடியை உடைத்து எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் இருந்தது மையத்தின் தலைமை பிசியோதெரபிஸ்ட். பதினோரு வருடமாகத் தினமும் காவலாளிக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவர். கழுத்தின் இடது பக்கம் ஆழமாகக் கிழிந்திருந்தது. மூச்சில்லை.

காவலாளி கைபேசியில் அலறினார்: "யாரோ மேடத்தைக் குத்திட்டாங்க! உள்ள பூட்டின வண்டிக்குள்ள குத்திட்டாங்க!"

காலை 9:05.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. எந்தக் கேள்வியையும் "ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால், காவல் நிலையத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் பெயரே 'சந்தேகம்'.

"கத்தி இல்ல மேடம்," என்றார் கான்ஸ்டபிள். "சீட்டுக்கு அடியிலயும் பார்த்துட்டேன். பூட்டின வண்டி. குத்தினவன் காத்தா கரைஞ்சானா?"

இன்ஸ்பெக்டர் ஸ்டியரிங்கிலிருந்து தொங்கிய வெள்ளைக் காற்றுப்பையை விரலால் விரித்தார். நடுவில் ஒரு கிழிசல். துணியின் நார்கள் வெளிப்பக்கமாகப் பிய்ந்திருந்தன. ஏதோ ஒன்று பைக்குள்ளிருந்து ஓட்டுநரை நோக்கிப் பாய்ந்திருக்கிறது.

"ஆளே இல்ல தம்பி. காப்பாத்த வேண்டிய பைதான் குத்தியிருக்கு."

கான்ஸ்டபிளின் வாய் திறந்தபடி நின்றது.

வண்டிச் சாவி இன்னும் திருகிய நிலையிலேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டார். எரிபொருள் பாதி. வானொலி அணைந்திருக்கிறது. என் கைக்கடிகாரம் 9:12. வண்டிக் கடிகாரம் 12:32.

காலை 10:30.

கணவர் மையத்தின் வரவேற்பறையில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தார். கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பது அவர் தொழில். நீலச் சீருடையில் கிரீஸ் கறை. வேலை நடுவில் ஓடி வந்திருந்தார்.

"ஏர்பேக்கா?" என்றார். "இருக்காது மேடம். அதை மாத்தியாச்சே!"

"எதை?"

"அஞ்சு மாசம் முன்னாடி கம்பெனியில இருந்து லெட்டர் வந்துச்சு. பையை ஊதுற இரும்புக் குப்பி பழசானா வெடிச்சுச் சிதறலாம், டீலர்ஷிப்புக்குக் கொண்டு வாங்க, புதுசு மாத்தித் தர்றோம்னு. அவ அன்னிக்கே போகணும்னா. நான்தான் இழுத்தடிச்சேன். ஒரு வேலைக்குப் போனா பத்து வேலை இருக்குன்னு தலையில கட்டுவாங்க, நம்ம வீட்டுலயே மெக்கானிக் இருக்கான், எதுக்கு அங்கன்னேன்."

"யாரு அந்த மெக்கானிக்?"

"அவ தம்பி. என் மச்சான். அவனும் 'மாமா, இதுல நான் கை வைக்க மாட்டேன், கம்பெனியிலதான் செய்யணும்'னுட்டான். தினமும் சாப்பாட்டு மேசையில இதே பேச்சு. 'அடுத்தவங்க முட்டியைப் பத்தி நாள் முழுக்கக் கவலைப்படுறேன், எனக்காக ஒரு காலை நேரம் ஒதுக்க மாட்டீங்களா'ன்னு கேட்டா. மூணு வாரத்துக்கு முன்னாடி நானே கொண்டு போனேன்."

"கூடவே இருந்தீங்களா?"

"ஒன்றரை மணி நேரம். உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன். வேலை முடிஞ்சதுன்னு பேப்பர் குடுத்தாங்க. அதைக் கொண்டு வந்து அவ கையில குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை.

பகல் 1:00.

வண்டிகளைப் பரிசோதிக்கும் அரசுப் பொறியாளர், கழுத்திலிருந்து எடுத்த உலோகத் துண்டை வெள்ளைத் தாளில் வைத்திருந்தார். கட்டைவிரல் நகம் அளவு. அதில் ஐந்து எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன.

"இது பழைய குப்பிதான். கார் தொழிற்சாலையில இருந்து வெளிய வந்தப்பவே இருந்தது."

"மூணு வாரம் முன்னாடி மாத்தினதா பேப்பர் இருக்கு."

பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ரெண்டுல ஒண்ணு. மாத்தவே இல்ல. இல்லன்னா, மாத்தின புதுசை யாரோ உருவிட்டுப் பழசைத் திரும்ப வச்சிருக்காங்க. புதுசுக்கு வெளிய கிராக்கி இருக்கு."

வாசலில் கான்ஸ்டபிள் கிசுகிசுத்தார். "போன வாரம் பிரேக் கட்டை மாத்துறதுக்கு அந்தத் தம்பிக்காரன் பட்டறையில வண்டி அரை நாள் நின்னிருக்கு மேடம்."

பகல் 1:40.

பட்டறையில் வேலை எதுவும் நடக்கவில்லை. தம்பி ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒரு சந்தேகம். அந்தப் புதுப் பையை நீங்க கழட்டினீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கேள்வியின் அர்த்தம் மெதுவாகத்தான் உறைத்தது.

"என் அக்கா மேடம் அது! என்னைத் தூக்கி வளர்த்தவ!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தொடல. தொட்டதே இல்ல. பிரேக் கட்டை மாத்தினேன், சக்கரத்தை மாட்டினேன், அனுப்பிட்டேன். ஏர்பேக்ல கை வைக்கணும்னா முதல்ல பேட்டரி வயரைக் கழட்டணும், பத்து நிமிஷம் காத்திருக்கணும். இல்லன்னா மூஞ்சியிலேயே வெடிக்கும். பைத்தியக்காரன்கூட வயரைக் கழட்டாம அதுல கை வைக்க மாட்டான்."

"அப்படிக் கழட்டினா வண்டியில வேற என்ன ஆகும்?"

"அந்த மாடல்லயா? வானொலியில பதிஞ்சு வச்சதெல்லாம் போயிரும். கடிகாரம் செத்துட்டு, திரும்ப மாட்டினதும் பன்னெண்டுல இருந்து ஓட ஆரம்பிக்கும்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. நோட்டில் இரண்டு பக்கம் பின்னால் போனார்.

பகல் 2:15.

வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். பத்தொன்பது வயது. அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு கேள்விம்மா. அம்மா வண்டியில கடிகாரம் சரியா ஓடுமா?"

மகள் விழித்தாள். இந்த நாளில் இப்படி ஒரு கேள்வியா என்று அவள் முகம் கேட்டது.

"ஓடாது ஆன்ட்டி. மூணு மணி இருபது நிமிஷம் கூடுதலா காட்டும். போன வருஷம் மாமா பேட்டரி மாத்தினாங்க, அப்போல இருந்து அப்படித்தான். அம்மா கழிச்சுப் பார்த்துப்பாங்க. சரி பண்ணித் தரட்டுமான்னா, 'விடுடி, மனக்கணக்கு போடுறது மூளைக்கு உடற்பயிற்சி'ன்னு சொல்வாங்க."

"அது தெரியிற மாதிரி போட்டோ ஏதாவது இருக்கா?"

கைபேசியில் தேடினாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய படம். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வானொலியோடு சேர்ந்து வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார். பின்னால் வண்டிக் கடிகாரம்: 10:05. படம் எடுத்த நேரம்: காலை 6:45.

மூன்று மணி இருபது நிமிடம்.

பிற்பகல் 3:00.

டீலர்ஷிப்பின் சர்வீஸ் மேனேஜர் சுத்தமான வெள்ளைச் சட்டையில் இருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. இரங்கல் சொன்னார். செய்த வேலைகளைக் குறித்த ஜாப் கார்டை மேசைமேல் வைத்தார்.

"எல்லாமே இதுல இருக்கு மேடம். உள்ள வந்தது 10:10. நாலாவது மேடையில வேலை. பேட்டரி வயர் கழட்டினது 10:20, டிக் போட்டிருக்கு. பழசை எடுத்துப் புதுசு மாட்டினது. வெளிய போனது 11:40. கஸ்டமர் கையெழுத்து."

"டிக் போட்டது யாரு?"

"நான்தான். எங்க பக்கம் வேலை சுத்தம். வெளிய போனதுக்கப்புறம் யார் கை வச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தம்மாவோட தம்பி மெக்கானிக்காமே?"

"அவர் மேலயும் எனக்குச் சந்தேகம் இருந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "மதியம் ரெண்டேகால் வரைக்கும்."

கைபேசிப் படத்தைக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் தன் நோட்டு.

"இது ரெண்டு மாசம் முன்னாடி. வண்டிக் கடிகாரம் மூணு மணி இருபது நிமிஷம் முந்தி. இது இன்னிக்குக் காலையில. 9:12க்கு 12:32. அதே மூணு மணி இருபது நிமிஷம். நடுவுல பேட்டரி வயரை யார் கழட்டியிருந்தாலும், நீங்களோ அந்தத் தம்பியோ, கடிகாரம் பன்னெண்டுல இருந்து புதுசா ஆரம்பிச்சிருக்கும். தப்பான நேரத்தைத் திரும்ப அதே தப்பா யாராவது மெனக்கெட்டு வைப்பாங்களா?"

மேனேஜர் கார்டை எடுக்கக் கை நீட்டினார்; இன்ஸ்பெக்டர் அதன்மேல் தன் கையை வைத்தார்.

"யாரும் கழட்டல. அதனால யாரும் மாத்தல. நீங்க 10:20ன்னு போட்ட டிக், நடக்காத வேலைக்குப் போட்டது. பாகங்கள் வந்த பதிவேட்டை எடுங்க."

பதிவேடு வந்தது. கான்ஸ்டபிள் எண்ணினார். வந்து சேர்ந்த புதுக் குப்பிகள் நாற்பது. மாற்றியாகிவிட்டது என்று மூடிய கார்டுகள் அறுபத்தாறு. அவர் மறுபடி எண்ணினார். அதே அறுபத்தாறு.

வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

"பாகம் வர லேட்டாச்சு மேடம். மாசக் கடைசிக்குள்ள எல்லாக் கார்டையும் மூடலன்னா டீலர்ஷிப்பையே வேற ஆள் கையில குடுத்துடுவோம்னு தலைமை அலுவலகத்துல நெருக்கினாங்க. வண்டியைக் கழுவித் துடைச்சுக் குடுத்தோம். பாகம் வந்ததும் எல்லாரையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு மாத்திடலாம்னுதான்… ஆயிரத்துல ஒண்ணுதான் மேடம் வெடிக்கும்!"

"அந்த ஒண்ணுக்கு ஒரு மக இருக்கா," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க இருபத்தாறுல ஒண்ணு வெடிச்சாச்சு. மீதி இருபத்தஞ்சும் இந்த நிமிஷம் ரோட்டுல ஓடிட்டு இருக்கு."

கான்ஸ்டபிள் அந்த இருபத்தைந்து பேரின் எண்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

பிற்பகல் 4:10.

மேனேஜரை ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது. கையெழுத்தை உறுதி செய்ய வரவழைக்கப்பட்ட கணவர் வாடிக்கையாளர் அறையில் காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, சுவரில் பெரிதாக '4' என்று எழுதிய வேலை மேடை.

காலையில் கேட்ட ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன். எதைப் பார்த்தார் என்று அவரும் சொல்லவில்லை; தானும் கேட்கவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றார் தாழ்ந்த குரலில். "அன்னிக்கு எந்த நாற்காலியில உட்கார்ந்தீங்க?"

கணவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"இதுலதான்."

"என்ன தெரிஞ்சுது?"

"வண்டி மேல தண்ணி பீச்சினாங்க. துடைச்சாங்க. முன்கதவை ஒருத்தரும் திறக்கல. பானெட்டைத் தூக்கல. லிஃப்டைத் திறக்காமலே பராமரிப்புக் கார்டுல கையெழுத்துப் போடுறவனை நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன்! எனக்குத் தெரியாதா மேடம்? நல்லாத் தெரிஞ்சுது. கேக்கணும்னு எந்திரிச்சேன். கேட்டா இன்னொரு நாள் வரச் சொல்லுவாங்க, இன்னொரு நாள் லீவு போடணும். இதெல்லாம் சும்மா பயமுறுத்துறாங்கன்னு தோணுச்சு. அவளுக்குத் தேவை பேப்பர்தானேன்னு உட்கார்ந்துட்டேன். பேப்பரைக் குடுத்தப்போ அவ… தேங்க்ஸ்னு சொன்னா."

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார், எழுதாமலே மூடினார். இதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

கதவு திறந்தது. கான்ஸ்டபிள்.

"இருபத்தி நாலு பேரைப் போன்ல பிடிச்சாச்சு மேடம். எல்லாரும் வண்டியை ஓரங்கட்டிட்டாங்க. ஒருத்தங்க மட்டும் கிடைக்கல. போன் அணைச்சு வச்சிருக்காங்க. நீச்சல் பயிற்சியாளராம். அஞ்சரைக்கு வகுப்பு முடியும்னு வீட்டுல சொல்றாங்க."

கணவர் எழுந்தார்.

"நானும் வர்றேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு நொடி யோசித்தார். தலையசைத்தார்.

மாலை 5:34.

நீச்சல் குளத்துக்குப் போகும் வழியில் நெரிசல். அவர்கள் வந்து சேர்ந்தபோது அதே மாடல் கார் ஒன்று வெளிவாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஈரத் தலையோடு ஓர் இளம்பெண் ஓட்டினாள். பின்னிருக்கையில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

ஜீப் நிற்பதற்குள் கணவர் குதித்தார். இரண்டு கைகளையும் விரித்துக் காரின் முன்னால் போய் நின்றார். பிரேக் கிறீச்சிட்டது. ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது.

"அறிவிருக்கா உங்களுக்கு? சாகணுமா?" என்று கத்தினாள் அவள்.

"எஞ்சினை அணைங்கம்மா. ஸ்டியரிங்கை விட்டுத் தள்ளி உட்காருங்க. குழந்தையோட கீழ இறங்குங்க."

"யாரு நீங்க?"

"ஏர்பேக் மாத்திட்டோம்னு உங்களுக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மாத்தல. எங்க வீட்டுக்கும் அதே பேப்பர்தான் குடுத்தாங்க. இன்னிக்குக் காலையில என் மனைவி…"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் ஓடி வரும் போலீசைப் பார்த்தாள். எஞ்சினை அணைத்தாள். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும், சூடு பட்டதுபோல், எடுத்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் நடைபாதைக்கு ஏறும்வரை அவர் விரித்த கைகளை மடக்கவில்லை. ஏறிய பிறகும் மடக்கவில்லை. இன்ஸ்பெக்டர்தான் அருகில் போய், ஒவ்வொரு கையாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட வேண்டியிருந்தது.