ட்ரம்முக்குள் இருந்த சேலை

பொள்ளாச்சியிலிருந்து குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய ட்ரம் செட்டைப் பார்த்ததும் லோகப்பிரியா மூக்கைப் பொத்திக்கொண்டாள். எலிப்புழுக்கை நாற்றம், துரு நாற்றம், அதற்கும் அடியில் வாடிப்போன மல்லிகையின் வாசம். மெல்லிசைக் குழுவில் அவள் மாமனார் குமாரசாமி வாசித்தது அது. அவருடைய காரியம் முடிந்து பூட்டிய அறையைத் திறந்தபோது மகன் பங்குக்கு வந்தது இதுதான்.

மகன் மனோஜ்குமார் கணபதி வட்டாரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். துருப்பிடித்த இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி இவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணனாக இருக்க வேண்டும். வளையங்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். போல்ட்டுகளைப் புதிதாகக் கடைந்தான். காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம்மின் தோலைப் பிரித்தான்.

உள்ளே ஒரு பட்டுச்சேலை சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது.

சத்தம் அதிராமல் இருக்க ட்ரம்முக்குள் துணி அடைப்பது வழக்கம்தான். ஆனால் பட்டையா அடைப்பார்கள்? மாம்பழ நிறம், அரக்குக் கரை. அம்மா பழனாத்தாள் கல்யாணப் போட்டோவில் கட்டியிருந்த அதே சேலை. மனோஜ் அம்மாவைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான்.

"பாட்டி பட்டுல பேத்திக்குப் பாவாடை தெச்சா நல்லா இருக்குமுங்க," என்றாள் லோகப்பிரியா.

எந்த வீட்டில்தான் அப்படிச் செய்யவில்லை? சேலை தையல்காரரிடம் போனது. ட்ரம்முக்குள் ஒரு பழைய தலையணையைத் திணித்து, புதுத்தோல் போட்டு இறுக்கினான் மனோஜ்.

பாவாடையைக் கட்டிய தன்ஷிகா அதன் பிறகு அவிழ்க்கவே இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, ஓடுவதை மறந்து, உட்கார்ந்த இடத்திலேயே மடியைத் தடவிக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. டாக்டர் வெறும் சளி என்றார். இருப்பது ஒரே பிள்ளை.

அன்று மாதாந்திர மின்தடை. லேத்துகள் நின்றுவிட்டால் கணபதி பட்டப்பகலிலும் செத்துக் கிடக்கும். அப்பாவின் குழுவில் கிட்டார் வாசித்த மயில்சாமி, பட்டறைக்கு ட்ரம் செட்டைப் பார்க்க வந்தார். மெருகேறிய வளையங்களை ஆசையாகத் தடவியவர், பெரிய ட்ரம்மை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கை அப்படியே நின்றது.

"ஏந்தம்பி, உள்ளாற இருந்த சீலை எங்க?"

"பாப்பாவுக்குப் பாவாடை தெச்சுப்போட்டமுங்க மாமா."

அவர் முகம் வெளுத்தது. குரல் தானாக இறங்கியது.

"உங்கம்மா உசுரு போறப்ப கட்டியிருந்த சீலை தம்பி அது. கொடுமுடியில ஆத்துல உடோணும்னு கொண்டுபோனோம். உங்கப்பன் மனசு கேக்காம மறைச்சு எடுத்தாந்துட்டான். எம்பட புள்ளையக் குடுங்கன்னு கேட்டுட்டே செத்தவ அவ. சீலை ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து உன்ற தொட்டிலுகிட்ட ஆரோ நின்னாங்க. நீ பால் குடிக்கல. அதை ட்ரம்முல போட்டுத் தோலை இறுக்குனப்பறம்தான் பொழச்ச. உங்கப்பன் அப்பறம் அதைத் தொடவே இல்ல."

மனோஜ் ஓடினான்.

பட்டறைக்கு மேலேதான் வீடு. தன்ஷிகா சுவரில் சாய்ந்து, இரு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டத் தாய் உட்காருவாளே, அப்படி.

"பாவாடையக் கழட்டு கண்ணு."

அவள் நிமிர்ந்தாள். வாய் மகளுடையது.

குரல் அவளுடையதல்ல.

"எத்தனை பெருசா வளந்துபோட்டே... வா கண்ணு, மடியில படு."

அவன் அலறிய அலறலில் லோகப்பிரியா ஓடிவந்தாள். இருவரும் சேர்ந்து பாவாடையைப் பிய்த்தெடுத்தார்கள். நாடா அறுந்ததும் தன்ஷிகா சுருண்டு விழுந்தாள். பிறகு தன் சொந்தக் குரலில், "அம்மா, பசிக்குது," என்று அழுதாள்.

அன்றைக்கே காரை எடுத்தார்கள். பாவாடையையும், தையல்காரரிடம் மிச்சமிருந்த துணியையும் கொடுமுடியில் காவிரியில் விட்டார்கள். பட்டு மிதக்கவில்லை, விட்ட இடத்திலேயே அமிழ்ந்தது. மனோஜ் முழுகி எழுந்தான். பெற்றவளை ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி அனுப்புவது? கைகூப்பினான்.

"போயிட்டு வாங்கம்மா."

லோகப்பிரியா அவன் கையைப் பற்றினாள். "செத்தவிங்களப் போய் வாங்கன்னு சொல்லலாமுங்களா?" என்றாள் கிசுகிசுப்பாக. வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்பும் வாய்ப்பழக்கம், வந்துவிட்டது.

திரும்பும்போது பெருந்துறையைத் தாண்டி வெயில் சாய்ந்தது. இரண்டு தட்டு இட்லி தின்ற தன்ஷிகா, முன்சீட்டில் அம்மா மடியில் தூங்கினாள், அம்மாவும் தூங்கிவிட்டாள். மகளின் கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. மனோஜ் பல நாளுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டான்.

அப்போது முதுகில் ஏதோ பட்டது.

ஒரு கை.

மெதுவாக, விட்டு விட்டு, தட்டிக்கொடுத்தது. கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் ஈரத்துணிப் பை மட்டும் இருந்தது. எதிரே லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பிரேக்கை மிதிக்க நினைத்தான், கால் அசையவில்லை. லோகப்பிரியாவைக் கூப்பிட வாய் திறந்தான், கொட்டாவிதான் வந்தது. இத்தனை சுகமான தூக்கம் அவனுக்கு இதுவரை வந்ததே இல்லை.

"தூங்கு கண்ணு," என்றது காதோரம். "வரச்சொன்னீல்ல, வந்துட்டேன்."