வள்ளியம்மாவின் பெயரில்

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து வந்த மினி பஸ் தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் நின்றபோது மணி இரண்டு. எண்பத்து மூன்றாம் வருடத்து மார்ச் வெயில் மண்டையைப் பிளந்தது. தங்கமணி இறங்கியதும் அம்மா மாரியாயி வழக்கம்போல அவள் காதில் ஓதினாள்.

"உன் பேரு என்னா?"

"வள்ளியம்மா."

"வயசு?"

"ஒம்பது."

இரண்டுமே பொய். தங்கமணிக்குப் பதினொரு வயது முடிந்துவிட்டது. ஒன்பதைத் தாண்டிய பிள்ளைகளை அந்தச் சிறுவர் நிகழ்ச்சியில் சேர்ப்பதில்லை. மாரியாயி அதற்கெல்லாம் அசருகிற ஆளா? போன வருடம் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போன சின்ன மகள் வள்ளியம்மாவின் பிறப்புப் பத்திரம் பீரோவில் சும்மாதானே கிடந்தது. அதை எடுத்து நீட்டிவிட்டாள். மூத்தவள் வளர்ந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தும் வைத்தாள். வயிறு காய்ந்தாலும் தங்கமணி வாயைத் திறக்கவில்லை. டிவியில் வருவது அவளுக்கும் பிடித்திருந்தது.

ஸ்டூடியோவுக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. நிகழ்ச்சி நடத்தும் நாகையா மாமா ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பலகையில் வரைந்த வீட்டுக்குப் பின்னால் இருட்டில் நிற்கும் பிள்ளை, "வந்துட்டேன் மாமா!" என்று கத்திக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே குதிக்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு வாரமாக, செத்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கென்ன தெரியும்?

அன்று தங்கமணியின் முறை கடைசி. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வெளியே குதித்துவிட்டார்கள். பலகைக்குப் பின்னால் அவள் மட்டும் நின்றாள். அப்போது தைல வாசனை அடித்தது. இருமிக்கொண்டு கிடந்த தங்கையின் நெஞ்சில் அம்மா தேய்த்த அதே தைலம்.

"வள்ளியம்மா!"

தங்கமணி வாயைத் திறந்தாள்.

"வந்துட்டேன் மாமா!"

அவள் சொல்லவில்லை.

குரல் அவள் பக்கத்தில், தோளுக்குக் கீழிருந்து வந்தது.

எப்படி வெளியே ஓடிவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாகையா மாமா அவள் கன்னத்தைக் கிள்ளி, "இன்னிக்குத்தான் லா உன் குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்துச்சு!" என்று பாராட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னாள். "இனிமே நான் வரலம்மா. பயமா இருக்கு. அது வள்ளி குரல்."

அடி விழும் என்று நினைத்தாள். விழவில்லை. மாரியாயி அவள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"இருமாம பேசினாளா?"

அந்த வாரம் முழுவதும் மாரியாயி தையல் மெஷினை விட்டு எழவில்லை. சனிக்கிழமை அவள் பையில் ஒரு புதுக் கவுன் இருந்தது. தங்கமணிக்கு அது தோளில்கூட ஏறாது. எப்போதும் வெளியே காத்திருப்பவள் அன்று ஸ்டூடியோவுக்குள்ளேயே வந்து பலகையின் ஓரமாக நின்றாள்.

மறுபடியும் பலகைக்குப் பின்னால் இருட்டு. மறுபடியும் கடைசி முறை. ஆனால் தங்கமணி முடிவு செய்துவிட்டாள். கூப்பிட்டதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நிகழ்ச்சி போனால் போகட்டும், தன் பெயராவது தனக்கு மிஞ்சட்டும்.

தைல வாசனை.

"வள்ளியம்மா!"

"நான் வள்ளி இல்ல மாமா! நான் தங்கமணி!"

கதவு திறந்தது. அவள் தள்ளவில்லை. சில்லென்று ஏதோ அவளை உரசிக்கொண்டு வெளியே போனது. கதவு படாரென்று மூடிக்கொண்டது.

"வந்துட்டேன் மாமா!"

வெளியே பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தங்கமணி கதவைத் தள்ளினாள். வெறும் பலகைக் கதவு, அசையவே இல்லை. இரண்டு கைகளாலும் அடித்தாள்.

"உள்ள யாரும்மா?" என்றார் நாகையா மாமா.

"யாரும் இல்ல மாமா," என்றது தங்கையின் குரல்.

"அம்மா! அம்மா!"

பலகை இடுக்கில் அம்மாவின் கண் தெரிந்தது. அழுது சிவந்த கண். ஆனால் அது சிரித்தது.

"சத்தம் போடாத தங்கம்," அம்மா கிசுகிசுத்தாள். "தங்கச்சி பேசட்டும்."

விளக்குகளை எல்லாம் அணைத்த பிறகுதான் கதவு திறந்தது. தங்கமணி தட்டுத்தடுமாறி வெளியே வந்தாள். மூன்று மாதமாக அவளைக் கொஞ்சிய நாகையா மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, யாரு இந்தப் பெரிய பிள்ளை?"

"மூத்தவ சார். சும்மா தொணைக்கு வந்தா," என்றாள் மாரியாயி.

"அடுத்த வாரம் வெளிய உக்காரச் சொல்லுங்க லா."

அம்மா தலையாட்டிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். தங்கமணி பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. சின்னப் பிள்ளையோடு நடக்கும்போது ஆடுவதுபோல அது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே போனது.