உள்பக்கக் கைபிடி

ஷெரோன் ஸ்கூட்டியை மதிலோரம் நிறுத்தினாள். பின்னால் இருந்த அமானி, மடியில் வைத்திருந்த மரப்பெட்டியை முதலில் அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

“இதென்னடி, பாரமே இல்லை?”

“வெறும் பெட்டிதானே. ஒரு மொடியூல்தான் கிடக்கு.”

“எது?”

“அவுட்புட்.”

ஷெரோன் சிரித்தாள். “உலகத்திலை எல்லாரும் சத்தம் போடுறதைத்தான் முதல் வாங்குவினம். நீ சத்தம் வெளியிலை போற ஓட்டையை வாங்கி வைச்சிருக்கிறாய்.”

“ஓட்டை இல்லாட்டி உள்ளுக்கை என்ன இருந்தும் என்னத்துக்கு?”

அமானி இரண்டு வருடமாகக் கணினியில்தான் இசை பழகியிருந்தாள். இப்போது கையால் தொடக்கூடிய ஒன்று வேண்டும். மொடியூலர் சிந்தசைசர் என்ற மின் இசைக்கருவியில் பியானோபோல் கட்டைகள் இல்லை. ஒரு மொடியூல் ஒலியை உண்டாக்கும். இன்னொன்று அதைச் செதுக்கும். வேறொன்று திறந்து மூடும். வயர்களால் இணைத்தால்தான் அது பேசும். எவற்றை முதலில் வாங்குவது என்பதில்தான் புதியவர்கள் தவறுவார்கள். யாழ்ப்பாணத்தில் அவளுக்கு அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. அப்போதுதான் முகநூலில் அளவெட்டி வீடொன்றின் படம் வந்தது. சுவர் நிறைய மொடியூல்கள். உரியவர் இறந்துவிட்டார். விரும்பியதை எடுக்கலாம்.

வழியெல்லாம் செம்புழுதி. அமானி இன்ஹேலரை ஒருமுறை இழுத்தாள். அதைக் கைபேசியோடு பையில் போட்டுப் பையை ஸ்கூட்டி இருக்கைக்குக் கீழே வைத்தாள்.

“நான் சுன்னாகம் போய்ப் பெற்றோல் அடிச்சிட்டு வாறன்,” என்றாள் ஷெரோன். “நீ உதுகளோட கதைச்சு முடிக்க எப்பிடியும் பொழுதுபடும்.”

பெட்டியை அமானியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். பை ஸ்கூட்டியோடு போனது அமானிக்கு அப்போது உறைக்கவில்லை.

கதவைத் திறந்தது இறந்தவரின் மனைவி கமலாவதி. ஐம்பது வயதிருக்கும். இரு கைகளிலும் அரிசிமா.

“வாங்கோ பிள்ளை. இடியப்பம் பிழிஞ்சுகொண்டு நிக்கிறன். அறையைக் காட்டிவிடுறன், நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ.”

“அவர் என்ன வாசிச்சவர் அன்ரி?”

“தவில். மணிக்கட்டு முறிஞ்ச பிறகு தவிலைத் தூக்க ஏலாமல் போச்சு. விரல் மட்டும் சும்மா இராது. தம்பிக்காரன் கனடாவிலையிருந்து உதுகளை அனுப்பினவர். பிறகு அறையை விட்டு வெளியிலை வந்தால்தானே.”

அறை வீட்டின் பின்புறம். யன்னல் இல்லை. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் தும்பு மெத்தை அடித்துச் சாக்கால் மூடியிருந்தது. உள்ளே காலை வைத்ததும் வெளியே கத்திய காகத்தின் குரல் பாதியில் அறுந்தது.

கதவை ஓர் அம்மிக்குழவி திறந்தபடி பிடித்திருந்தது.

“உந்தக் கல்லை எடுத்துப்போடாதேங்கோ. உள்பக்கக் கைபிடி கழண்டிட்டுது. வெளியிலை நிண்டுதான் திறக்கலாம். ஆசாரி நாளைக்கு வாறன், நாளைக்கு வாறன் எண்டு என்னை ஏய்ச்சுக்கொண்டு திரியிறார்.”

“சத்தம் போட்டுப் பாக்கலாமோ?”

கமலாவதி மாவுக் கையைச் சேலையில் துடைத்தாள். “அது கேக்காது பிள்ளை. சத்தம் வெளியிலை போற துண்டைப் போன மாதம் ஒரு பெடியனுக்கு வித்துப்போட்டன். உந்த வயர் அதாலைதான் குசினி ஸ்பீக்கருக்குப் போறது. தேத்தண்ணி கேக்கிறதெண்டாலும் உதாலை தட்டித்தான் கேப்பார்.”

அவள் குசினிக்குப் போனாள்.

மேசையில் ஒரு கோப்பைத் தட்டு. அதில் தவில்காரர் விரல்களில் மாட்டும் கூடுகள் ஐந்து, காய்ந்து வெளுத்து எலும்புபோல் கிடந்தன. மேசைக்கு மேலே மொடியூல்கள். சிவப்பு விளக்குகள் எரிந்தன. எல்லாம் தாளத்துக்கானவை. ஒன்றுகூடச் சுரம் பாடாது. நடுவில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அமானி தன் பெட்டியிலிருந்த அவுட்புட்டைக் கழற்றி அங்கே பூட்டினாள். கேட்டுப் பார்க்காமல் எதை எடுப்பது? கதிரையில் உட்கார்ந்து, மேசையில் கிடந்த ஹெட்போனைச் செருகிக் காதில் வைத்தாள்.

உள்ளே ஏற்கெனவே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

வறண்ட, கெட்டியான சத்தம். மரத்தில் கூடு மாட்டிய விரல் விழுவதுபோல. அவளுக்குப் பிடித்திருந்தது. இதை உண்டாக்குவது எதுவோ அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும் என்று நினைத்தாள். வயரைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். அது மேசையைத் தாண்டிக் கதவுவரை போனது. கதவின் நடுவே சாக்கை வெட்டி, சிறு பித்தளை வட்டமொன்றை மரத்தில் ஒட்டியிருந்தார். கதவில் தட்டினால் அந்த ஒலிவாங்கி அதை எடுத்து மொடியூல்களுக்கு அனுப்பும். தவிலைத் தூக்க முடியாதவர் கதவை வாசித்திருக்கிறார்.

அமானி அந்த வயரைப் பிடுங்கினாள்.

மூன்று தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

தட்டல் நிற்கவில்லை.

அது கதவிலிருந்து வந்தது. கதவு மூடியிருந்தது.

குழவி அவளுடைய கதிரைக் காலின் அருகே நிமிர்ந்து நின்றது.

அவள் அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். கைபிடி இருந்த இடத்தில் ஒரு துளை. விரலை விட்டுத் திருகினாள். அகப்படவில்லை. தோளால் இடித்தாள்.

“அன்ரி!”

குரல் மெத்தையில் விழுந்து அங்கேயே கிடந்தது.

நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு விசில். அவளுக்குப் பழக்கமான விசில். கை தானாகத் தோளைத் தடவியது. பை இல்லை. இன்ஹேலர் சுன்னாகத்தில்.

மெதுவாக மூச்சை எடுத்தாள். பாதிதான் உள்ளே போனது. தும்புத் தூசியின் புளித்த மணம் தொண்டையில் ஒட்டியது.

குசினி வயர்.

கதவு ஒலிவாங்கியை நேராக அவுட்புட்டில் செருகினாள். அவுட்புட்டைக் குசினி வயரோடு இணைத்தாள். ஒலியைக் கடைசிவரை திருப்பினாள். கதவில் அடித்தாள். அவுட்புட்டின் பச்சை விளக்குகள் துள்ளின. சத்தம் போகிறது. குசினி அந்தச் சுவருக்கு அப்பால்தான்.

அடித்தாள். காத்திருந்தாள்.

யாரும் வரவில்லை.

மறுபடி அடித்தாள். உள்ளங்கை எரிந்தது. நிறுத்தினாள்.

விளக்குகள் நிற்கவில்லை. மூன்று துள்ளல். இடைவெளி. ஒரு துள்ளல்.

மேசையைப் பார்த்தாள். கோப்பைத் தட்டு வெறுமையாக இருந்தது.

அமானி சுவரோடு ஒட்டி நின்றாள். கதவுக்கும் அவளுக்கும் இடையில் ஒருவரும் இல்லை. ஆனால் கதவருகே சாக்கு உள்ளே அமுங்கியிருந்தது, யாரோ நெற்றியை வைத்துச் சாய்ந்ததுபோல.

விசில் நீண்டது. பார்வையின் விளிம்புகள் கறுத்தன. யோசி, என்று தனக்குச் சொன்னாள். கமலாவதிக்குக் கேட்கிறது. கேட்டும் வரவில்லை. ஏனென்றால் இது அவளுக்கு அவர் எப்போதும் தட்டிய சத்தம். நான் எப்படித் தட்டினாலும் அது அவர் தட்டுவது.

அவரிடமிருந்து வரவே முடியாத சத்தம் ஒன்று வேண்டும்.

மேசை லாச்சியை இழுத்தாள். சில ஆணிகள், வயர்கள், அடியில் ஒரு புது மொடியூல். பொலித்தீன்கூடப் பிரிக்கவில்லை. ஒசிலேட்டர். சுரம் மட்டுமே தரும். கனடாத் தம்பி அனுப்பியிருப்பார். தாளக்காரர் அதைத் தொடவேயில்லை.

பொலித்தீனைப் பல்லால் கிழித்தாள்.

ஒசிலேட்டருக்கு வாயை மூடத் தெரியாது. மின்சாரம் வந்த கணத்திலிருந்து அது பாடிக்கொண்டே இருக்கும். அதனால் அதைத் திறந்து மூடுகிற மொடியூல் இல்லாமல் தொடங்காதே என்று அவள் படித்த எல்லோரும் எழுதியிருந்தார்கள். அந்த மொடியூல் அவள் கண் முன்னால் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஒசிலேட்டருக்கு மின்சாரம் கொடுத்து, கதவு வயரைப் பிடுங்கிவிட்டு அதை நேராக அவுட்புட்டில் செருகினாள்.

பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக ஏறி, ஏறியபடியே நின்றன.

தட்டல் வேகமானது. இடைவெளி இல்லை. கதவு அதிர்ந்தது. பிறகு சட்டென்று நின்றது.

அவள் விரல்களுக்குள் வயர் நகர்ந்தது.

யாரோ அதை மெதுவாக வெளியே இழுத்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை. பொறுமையாக. அமானி செருகியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தாள். அவள் கைகளின்மேல் கெட்டியாக, குளிராக, ஐந்து முனைகள் அமர்ந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கின.

பிடித்தபடி மண்டியிட்டாள். மூச்சு ஒரு நூலளவு வந்தது. நூலும் மெலிந்தது.

கதவு திறந்தது.

வெளிச்சம். காகம். மாவு அப்பிய கைகள் அவளுடைய அக்குளில் பிடித்து முற்றத்துக்கு இழுத்தன. அந்த நேரம் ஸ்கூட்டிச் சத்தமும் கேட்டது. ஷெரோன் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இன்ஹேலர் வாயில் இருந்தது.

பேச முடிந்தபோது அமானி கேட்டாள். “நான் தட்டினது கேக்கேல்லையோ?”

கமலாவதி முற்றத்து மண்ணைப் பார்த்தபடி இருந்தாள்.

“கேட்டது. அவர் செத்த நாள் தொடக்கம் கேக்குது. முதல் ரெண்டு மூண்டு தரம் ஓடிப்போய்த் திறந்தனான். ஒருத்தரும் இல்லை. அந்தத் துண்டை வித்த பிறகுதான் நிண்டுது. இண்டைக்குத் திரும்பவும் கேக்க, அடுப்பை விட்டு அசையேல்லை.”

“பிறகு ஏன் வந்தனீங்கள்?”

“இவர் ஒருநாளும் நீட்டி வாசிச்சதில்லை. அதுதான்.”

பிறகு அவளே சொன்னாள்.

“அண்டைக்கும் தட்டினவர். கைபிடி கையோட கழண்டிருக்கு. நெஞ்சுநோ வந்திருக்கு. ஸ்பீக்கரிலை எனக்கு வடிவாக் கேட்டது. வாசிக்கிறார் எண்டு நினைச்சன்.” அவள் முகத்தைத் துடைத்ததில் மாவு கன்னத்தில் ஒட்டியது. “நல்லா வாசிக்கிறார் எண்டும் நினைச்சன்.”

அவள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“பிள்ளை, நீங்கள் உங்கடை துண்டைப் பூட்டினீங்களோ?”

“ஓம் அன்ரி.”

“அதைக் கழட்டிக்கொண்டு போங்கோ. வேறை எதை விட்டாலும் பறவாயில்லை, அதை இஞ்சை விட்டிட்டுப் போகாதேங்கோ. என்னாலை இனிக் கேக்க ஏலாது.”

குழவியைத் தூக்கிக் கதவிடுக்கில் வைத்து, கமலாவதி அதன்மேல் காலையும் வைத்துக்கொண்டு நின்றாள். அமானி உள்ளே போய் அவுட்புட்டைக் கழற்றினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேசையில் கோப்பைத் தட்டு இருந்தது. கூடுகள் அதில் இருந்தன. நான்கு.

திரும்பும் வழியில் ஷெரோன் தாங்கமாட்டாமல் சொன்னாள்.

“ஒண்டோட வந்தாய். ஒண்டோட போறாய்.”

அமானி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மஹ்ரிப் பாங்கு முடிந்திருந்தது. உம்மா தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தார். அமானி தன் அறையில் மரப்பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அதற்குள் அவுட்புட் மட்டும்தான். மின்சாரம் இல்லை. வயர் இல்லை. அறைக் கதவை அகலத் திறந்து, அது சாத்தாமலிருக்கத் தன் செருப்பைக் கீழே செருகினாள். உம்மா தந்த தேத்தண்ணியோடு கட்டிலில் உட்கார்ந்தாள். கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

கண்ணை மூடி மூச்சை எண்ணாமல் எடுத்தாள். உள்ளே போனது. வெளியே வந்தது. விசில் இல்லை.

அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

“என்ன மகள், உள்ளுக்கை நிண்டு கதவைத் தட்டுறாய்? தள்ளினால் திறக்கும்தானே?”

அமானி கண்ணைத் திறந்தாள்.

செருப்பு அவள் காலடியில் கிடந்தது.