அறுபத்தொன்பதின் வர்க்கமூலம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் இடம் வேண்டும். ஒரே ஒரு கணக்கால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகப் பார்த்த கதை இது. கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் குற்றவாளி உண்டு.

ஓர் உயர்நிலைப் பள்ளி. அதன் நூலகர் அதிர்ந்து பேசாதவள். தொலைந்த புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள், ஆளை மட்டும் காட்டிக்கொடுக்க மாட்டாள். அவளுக்கு வலக்கை அலுவலகத் தட்டச்சுக்காரி. துப்பு என்று காதில் விழுந்தால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தற்காலிக வேலைதான், நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த மாதம் வரவிருந்தது.

ஒரு நாள் பகலில் பஸ் டிரைவர் ஒருவர் நூலக வாசலில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தயங்கி நின்றார். அவர் மகள் ஆண்டு இறுதி இயற்கணிதப் பரீட்சை எழுதியிருந்தாள். பதினோராம் கேள்விக்கு எல்லோரும் ஒன்று, எட்டு என்று விடை எழுத, அவளும் 'நெட்டை' என்று கூப்பிடப்படும் பையனும் மட்டும் ஒன்பதோடு அறுபத்தொன்பதின் வர்க்கமூலத்தைக் கூட்டியும் கழித்தும் இரண்டால் வகுத்து எழுதி வைத்திருந்தார்கள். காப்பியடித்ததாகப் புகார். மறுநாள் தலைமையாசிரியை கையெழுத்திட்டால் ஒரு வருடம் வீண்.

"ஒரு வருஷம் போச்சுன்னா அவ திரும்பப் படிக்க வரமாட்டாம்மா. என் பொண்ணை எனக்குத் தெரியும்," என்றார். "அன்னைக்கு என் வண்டி டயர் வெடிச்சுது. ரெண்டு பேரும் அதுலதான் வந்தாங்க. கால் மணி நேரம் லேட்டு. சேர்ந்து வந்ததால சேர்ந்து திட்டம் போட்டாங்களாம்."

இருவரும் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நூலகர் கேட்டாள். தட்டச்சுக்காரி பட்டியலைப் புரட்டி, பெண்ணுக்கு இருபத்தி நாலு என்றாள். நூலகர் எட்டிப் பார்த்து, அது அடுத்த வரி, இவளுக்குப் பதினேழு என்று மெல்லத் திருத்தினாள். நெட்டைக்கு நாற்பத்தொன்று. ஒருவர் முன்வரிசை, மற்றவர் கடைக்கோடி.

விடைத்தாள்களோடு கணக்கு ஆசிரியரும் வந்தார். தாராளமாகச் சைபர் போடுவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சைபர் சார். காகிதம் மிச்சம் என்று கேள்வியைத் திருப்பி எழுதவிடாமல், கேள்வி எண்ணை மட்டும் போடச் சொல்வது அவர் சட்டம்.

நூலகர் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். "சார், பொண்ணு சூத்திரம் போட்டிருக்கா. பையன் வர்க்கத்தைப் பூர்த்தி பண்ணியிருக்கான். காப்பியடிக்கிறவன் வழியை மாத்திக்கிட்டா அடிப்பான்?"

"விடை ஒண்ணுதானே? அதுவும் தப்பான விடை."

"தப்புன்னு இப்பவே சொல்லாதீங்க. அந்த ரெண்டு மூலத்தையும் கூட்டுங்க."

சைபர் சார் சலிப்போடு கூட்டினார். ஒன்பது வந்தது.

"பெருக்குங்க."

எண்பத்தொன்றில் அறுபத்தொன்பது போக பன்னிரண்டு, அதை நாலால் வகுத்தால் மூன்று. அவருடைய பேனா நின்றது.

"கூட்டல் ஒன்பது, பெருக்கல் மூணு. அப்போ இவங்க போட்ட கணக்கு x² − 9x + 3 = 0. உங்க கேள்வியில எட்டு. ரெண்டு பேரும் தனித்தனியா, சரியாத்தான் போட்டிருக்காங்க. அவங்க கைக்கு வந்த கேள்வி வேற. அடுத்த கேள்வி என்ன சார்?"

"x² − 4x + 3," என்றார் அவர், குரல் இறங்கி.

தட்டச்சுக்காரிக்குப் பரீட்சை நாள் ஞாபகம் வந்தது. அன்று நகலெடுக்கும் இயந்திரத்தில் மை தீர்ந்து, இரண்டு தாள் குறைந்தது. கடைசியில் வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்று அவளே அவசரமாகக் கையால் எழுதினாள். ஒன்பது எக்ஸ் வரை மேல்வரி. அதற்குப் பிறகு கண் அடுத்த வரிக்கு வழுக்கியிருக்க வேண்டும்.

பரீட்சை முடிந்ததும் கேள்வித்தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்றே, கட்டு எங்கே என்று நூலகர் கேட்டாள்.

"என் அலமாரியிலக்கா."

"நீயே போய் எடுத்துட்டு வா."

கூட யாரையும் அனுப்பவில்லை. அதுதான் தட்டச்சுக்காரியைக் குடைந்தது. அலமாரி முன் தனியாக நின்று கட்டைப் பிரித்தாள். அந்த இரண்டு தாளிலும் அவளுடைய கையெழுத்து, அவளுடைய மூன்று. கிழித்துக் குப்பையில் போட ஒரு நிமிடம் போதும். உத்தரவு தானாக வரும். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்ற டிரைவர் நினைவுக்கு வந்தார்.

கட்டோடு தலைமையாசிரியை அறைக்கே நேராகப் போனாள். மற்ற மூவரையும் அங்கே வரவழைத்தாள். இரண்டு தாளையும் மேசையில் விரித்தாள்.

"நான் எழுதினது, மேடம். தப்பு என்னோடது. பிள்ளைங்க மேல ஒண்ணும் இல்ல."

தலைமையாசிரியை அந்த மூன்றையும் அச்சுத் தாளில் இருந்த எட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். புகார்க் காகிதத்தைச் சைபர் சார் தானே எடுத்து மடித்தார். இரண்டு விடைத்தாளிலும் முழு மதிப்பெண் போட்டார். பிள்ளைகள் வைத்த பெயர் அன்று சற்றுப் பொய்த்தது. டிரைவர் தட்டச்சுக்காரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"பதினேழை இருபத்தி நாலுன்னு படிச்சியே, அப்பவே லேசா ஒரு சந்தேகம்," என்ற நூலகர் மரஸ்கேல் ஒன்றை அவள் கையில் திணித்தாள். "இனிமே வரிக்கு அடியில இதை வச்சுக்கோ."

நிரந்தர உத்தரவு அந்த மாதம் வரவில்லை. அடுத்த வகுப்புக்குப் போகிறவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை மட்டும் அவளுக்குத்தான் வந்தது. ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி, டிரைவர் மகளின் வரியில் மட்டும் கொஞ்சம் நின்று அடித்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. "நான்தான் செய்தேன்" என்று சொல்ல யாரும் நடுங்க வேண்டாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் போடும் கணக்கெல்லாம் சரியாய் வரட்டும். வராத நாளில், என்ன கேள்வி கையில் கிடைத்தது என்று கேட்க ஒருவராவது பக்கத்தில் இருக்கட்டும்.