களத்தில் நின்ற வேன்

அந்த வேன் ஒரு காலத்தில் நர்சரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நல்லம்பள்ளியைச் சுற்றியது. கவிப்பிரியாவின் அப்பா மாதவராஜ் அதை வாங்கி, எட்டு மாதம் உழைத்து, ஒரு சின்ன வீடாக மாற்றிவிட்டார். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கூரைமேல் இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. குழாயைத் திறந்தால் பாதித் தண்ணீர் பாத்திரத்தில் விழும். மீதி அம்மா சுகுணாவின் காலில் விழும்.

சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். இருக்கிற வீட்டில் இடம் போதவில்லையா என்று பெரியப்பா கேட்டபோது அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டதைக் கவிப்பிரியா பார்த்திருந்தாள்.

காலாண்டு விடுமுறையில் முதல் பயணம். சித்தேரி மலைப்பக்கம் போய், தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து மண்பாதையில் திரும்பினார்கள். கல்லுக்குக் கல் வேன் ஏறி இறங்கியது. உள்ளே தட்டுகள் தாளம் போட்டன. ஒரு மேட்டில் பாதை நின்றது. கீழே, செம்பாறைகள் இருபுறமும் சுவராக நிற்க, ஆழமான பள்ளம் வளைந்து வளைந்து போனது. சாப்பிட்டதும் அதில் இறங்கி நடக்க வேண்டும். நாளைக்கும் நாளை மறுநாளும் இன்னும் தூரம் போக வேண்டும். ஒரு மாதமாக அவளுக்கு அதே நினைப்புதான்.

மேட்டின்மேல் அகலமான தட்டைப் பாறை ஒன்று இருந்தது. யாரோ சாணம் மெழுகிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அப்பா வேனை அதன் நடுவில் ஏற்றி நிறுத்தினார்.

அம்மா சோறு போடும்போது, சாமைக் கதிர்க் கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு மூன்று பேர் வந்தார்கள். கரியன், அவர் மனைவி சாலம்மாள், கவிப்பிரியா வயதில் ஒரு மகள். அவள் பெயர் பிரியங்கா.

அது அவர்கள் சாமை அடிக்கிற களம் என்று கரியன் மெதுவாகச் சொன்னார். வண்டியை எடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

"நீங்க சாப்புடுங்க சார். நாங்க நாளைக்கி அடிச்சுக்கறோம்."

அப்பா உற்சாகமாக எழுந்தார். "நாளைக்கி எதுக்குங்கண்ணா? இப்பவே பரப்பிவுடுங்க. வண்டிய நாலு தரம் ஏத்தி எறக்குனா அஞ்சு நிமிசத்துல உதுந்துரும். எங்கூர்ல கேவுரு, கொள்ளெல்லாம் ரோட்டுல போட்டு அப்படித்தானுங்க பண்றோம்."



அப்பா உதவுவதாகத்தான் நினைத்தார். பிறகு ஏன் சாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்? அவர் பார்த்த இடத்தைக் கவிப்பிரியாவும் பார்த்தாள். பாறைக்கு வெளியே மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. பிரியங்கா சுடுபாறைமேல் வெறுங்காலோடு, காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். இந்தப் பக்கம் அப்பாவின் செருப்பு, அம்மாவின் செருப்பு, தன்னுடைய ஷூ. நான்கு டயர்கள் வேறு.

கவிப்பிரியா ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பிரியங்காவிடம் போனாள். இங்கே செருப்புப் போடக் கூடாதா என்று கேட்டாள்.

"சோறு வர்ற எடமாச்சே," என்றாள் பிரியங்கா. "எங்கப்பா போட்டுட்டு வந்தாக்கூட எங்கம்மா வுடாது. நீங்க விருந்தாளிங்க, அதான் கம்முனு இருக்குது."

போன வருடம் மழையில் நனைந்து சாமை முளைத்துப்போனதாம். இந்த வருடமும் போனால் வீட்டில் சமைக்கச் சாமை இருக்காதாம். பிரியங்கா பேசிக்கொண்டே மேற்கே பார்த்தாள். அங்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

எல்லார் முன்னாலும் சொன்னால் அப்பாவின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் சாமை நனைந்துவிடும். கவிப்பிரியா அப்பாவின் காதருகே போனாள்.

"இந்தக் களத்துல செருப்புக்கூடப் போட மாட்டாங்களாம்ப்பா. எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது."

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். "தெரியாமப் பண்ணிட்டமுங்கண்ணா," என்று கரியனிடம் சொல்லிவிட்டு, வேனைக் கீழே இறக்கினார்.

டயர் நின்ற இடமெல்லாம் மெழுகிய சாணம் பெயர்ந்திருந்தது. மறுபடியும் மெழுக வேண்டும். சாணம் பக்கத்து மாட்டுப்பட்டியில் இருந்தது. தண்ணீர் பள்ளத்துக்குள், ஊற்றில். குடம் குடமாகத் தூக்கி வருவதற்குள் பொழுது இறங்கிவிடும்.

கவிப்பிரியா வேனின் கூரையைப் பார்த்தாள். அந்தத் தொட்டித் தண்ணீர் மூன்று நாளைக்கு. அது காலியானால் நாளைக் காலையில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவள் பள்ளத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். செம்பாறையில் பாதிக்கு நிழல் விழுந்து, அது இன்னும் அழகாக இருந்தது.

"அப்பா, நம்ம தண்ணியக் குடுத்தர்லாமா?"

"அப்பறம் பள்ளம், கண்ணு?"

"அது எங்க போயிடப்போவுது?"

குழாயைத் திறந்தார்கள். பாதி வாளியிலும் பாதி சாலம்மாளின் காலிலும் விழுந்தது. சாலம்மாள் முதல் முறையாகச் சிரித்தார். "இவரே செஞ்சதுங்க," என்று அம்மா அப்பாவைக் காட்டினார். அப்பாவும் சிரித்தார்.

ஆளுக்கு ஒரு பக்கமாக மெழுகினார்கள். பாறைச் சூட்டில் அது சீக்கிரமே காய்ந்துவிட்டது. கதிரைப் பரப்பித் தடியால் அடித்தார்கள். கவிப்பிரியாவின் தடி கதிரைவிடப் பாறையைத்தான் அதிகம் அடித்தது. "பாறைய வுட்டுரு, பாவம்," என்றாள் பிரியங்கா.

கடைசிக் கட்டை அடித்து முடித்தபோது முதல் துளி விழுந்தது. தூற்ற நேரமில்லை. பதரும் சாமையுமாகச் சாக்கில் அள்ளினார்கள். சாக்கு போதவில்லை. அம்மா படுக்கை விரிப்பை உருவிக் கொடுத்தார். பிறகு குக்கரையும் கொடுத்தார். எல்லாவற்றையும் வேனுக்குள் ஏற்றி, கதவைச் சாத்தியதும் மழை கொட்டியது.

ஆறு பேரும் பதர் ஒட்டிய முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாலம்மாள் படுக்கைமேல் இருந்த சாக்கைத் தடவிப் பார்த்தார். நனையவில்லை.

கரியன் வழி சொல்ல, வேன் அவர்கள் ஊரைப் பார்த்துக் கிளம்பியது. மழையில் பாதை வழுக்கியது. காலையில் ஊற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும், பள்ளத்து வழியாகத்தான் போக வேண்டும், வருகிறாயா என்று பிரியங்கா கேட்டாள். கவிப்பிரியா வேகமாகத் தலையாட்டினாள். தும்மலும் வந்தது.

முன்னால், அப்பா பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் செருப்பு சீட்டுக்கு அடியில் கிடந்தது. வண்டிக்குள் சாமை இருக்கிறதே என்று, கிளட்சையும் பிரேக்கையும் வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.