கதவுக்கு அப்பால் ஒரு கிண்ணம்

வெள்ளைப் பூனை கதவின் அடியிடுக்கைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் எழுந்து நின்றால் அவர் முகம் வரக்கூடிய உயரத்தை.

கதவுக்கு அப்பால், கூடத்தில், சாப்பிடும் சத்தம். அங்கே இருப்பது மருமகள் காப்பகத்திலிருந்து தூக்கி வந்த பூனை. கறுப்பு, ஒரு காது கிழிந்தது. இங்கே அவரோடு இருப்பது அவர் தேர்ந்தெடுத்த உயர்ரகப் பூனை. தாயும் தகப்பனும் இன்னாரென்ற சான்றிதழோடு வந்தது. பேத்திக்கு ஒரு பூனை போதும். எது தங்குவது, எது திரும்பிப் போவது என்று இன்று மாலை முடிவாக வேண்டும்.

"நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு ஒரு வம்சம் வேணும்மா," என்று காலையில் சொல்லியிருந்தார்.

"நாம என்ன மாமா, அதுக்குப் பொண்ணா குடுக்கப் போறோம்?" என்றாள் மருமகள். மகன் சிரிப்பை மறைக்கத் தட்டின் மேல் குனிந்தான். அதை அவர் கவனிக்காமல் இல்லை.

இரண்டும் சண்டையின்றிப் பழக மிருக டாக்டர் வழி சொல்லியிருந்தார். மூடிய கதவுக்கு இருபுறமும் கிண்ணம் வைக்க வேண்டும். ஒன்று சாப்பிடுவதை மற்றது கேட்க வேண்டும். ஒன்றின் உடம்பில் தேய்த்த துணியைக் கதவடியில் தள்ளி மற்றதன் பக்கம் அனுப்ப வேண்டும். வாசனை பழகினால் பயம் போய்விடும் என்றார்.

வெள்ளைப் பூனை தன் கிண்ணத்தைத் தொடவில்லை. மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம் அறைச்சுவர்களில் ஏறி நின்றது. கூடத்துக் கடிகாரத்தின் துடிப்புக்கும் தண்ணீர்க் குழாயின் சொட்டுக்கும் நடுவே, நக்கும் அந்தச் சத்தம் மட்டும் நிதானமாக, ஈரமாக, ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையே தரையோடு இழுத்துப் பிறகு விட்டது. அவ்வளவு பெரிய நாக்கா அதற்கு?

கைபேசி அடித்தது.

"மாமா, எழுந்துட்டீங்களா? நீங்க அசந்து தூங்கினப்ப கறுப்பனைத் தூக்கிட்டு வந்துட்டோம். ஊசி போடணும்ல. இங்க ஒரே கூட்டம், வர நேரமாகும்."

அவள் குரலுக்குப் பின்னால் பூனை கத்தியது. "கறுப்பா, சும்மா இரு," என்று பேத்தி அதட்டினாள்.

கதவுக்கு அப்பால் நக்கும் சத்தம் நின்றது.

"என்ன மாமா, பேச்சையே காணோம்? உங்க வெள்ளை மகாராஜா கடிச்சிட்டாரா?"

"ஒண்ணுமில்ல. நிதானமா வாங்க."

வைத்துவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலருகே போனார். தெருவில் திரிவது எதுவும் உள்ளே நுழையக்கூடாதென்று அவரே பக்கத்தில் நின்று போடவைத்த இரும்புக் கம்பிகள். நடுவே கை மட்டும்தான் போகும். அறையை ஒட்டிய குளியலறைக்கும் வெளியே திறக்கும் கதவு இல்லை. வெளியே போக வேண்டுமானால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கதவடியில் ஏதோ நகர்ந்தது.

ஒரு துணி. மெல்ல உள்ளே தள்ளப்பட்டது. குனிந்து தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. வெகுகாலம் மூடிக்கிடந்த பெட்டியின் புழுக்கமும், ஈர மண்ணும், அதற்கடியில் தித்திப்பாக ஏதோ ஒன்றும் கலந்த வாசனை மூக்கில் ஏறி நாக்கில் படிந்தது.

பழகச் சொல்கிறது.

கைபேசியை எடுத்தார். மருமகளின் எண்மேல் விரல் நின்றது. அடுத்த முறை சம்பந்தி வீட்டார் கூடும்போது அவள் சொல்லப்போவது இப்போதே காதில் விழுந்தது: "மாமா பூனைக்குப் பயந்து போன் பண்ணாருங்க." இந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

கீறல்.

கதவின் மேல்பகுதியில். ஒற்றை நகம். மெதுவாகக் கீழே.

கைப்பிடி தாழ்ந்தது. உயர்ந்தது. தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று மரத்தைவிட்டு வெளியே வந்து தரையில் உருண்டது. இன்னொன்று அசைந்தது.

அவர் பூனையைத் தூக்கினார். கனமான, சூடான உடம்பு. அது திமிறவில்லை. கதவைப் பார்த்துக் குர்ரென்று தொண்டைக்குள் சந்தோஷச் சத்தம் எழுப்பியது.

"இத எடுத்துக்கோ," என்றார். தன் குரலே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "நல்ல வம்சம். ரொம்ப நல்ல வம்சம்."

தாழ்ப்பாளை நீக்கினார். கண்களை இறுக மூடிக்கொண்டு, கதவை ஒரு சாண் திறந்து, பூனையை வெளியே தள்ளினார். மூடினார். முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

அமைதி.

கடிகாரம். குழாய்ச் சொட்டு.

போய்விட்டது. வாங்கிக்கொண்டு போய்விட்டது. பூனை ஓடிப்போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

கணுக்காலில் மென்மையாக ஏதோ பட்டது.

குனிந்து பார்த்தார். கதவடி இடுக்கு ஒரு விரல் உயரம்கூட இல்லை. அதன் வழியாக வெள்ளை வால் வந்துகொண்டிருந்தது. பிறகு பின்னங்கால்கள். பிறகு முதுகு, தரையோடு தரையாக, தட்டையாக, அவசரமே இல்லாமல். கடைசியில் முகம். கண்கள் அவரையே பார்த்தன.

தொண்டைக்குள் அந்தச் சந்தோஷச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.