பேட்டரி அறையில் குளிர்

சித்திரை வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்த பிற்பகலில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறை மட்டும் குளிர்ந்துகிடந்தது. முதல் பேட்டரித் தொட்டியின் ஆசிட்டில் முக்கியிருந்த தெர்மாமீட்டரை டெக்னீஷியன் எஸ்றா எடுத்துத் துடைத்துப் பார்த்தார். இருபது டிகிரி. தூத்துக்குடியில் மார்கழி விடியலில்கூட அது இப்படி இறங்கியதில்லை.

ஊரில் கரண்ட் போனால் துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனை உயிரோடு வைத்திருப்பது இந்தப் பேட்டரிகள்தான். சூடு கூடினால் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஆசிட் கொதித்துவிடும். குளிர்ந்தால் கூட்ட வேண்டும். இந்த ஊர் வெக்கையில் அவருக்குக் குறைத்துத்தான் பழக்கம். இன்று முதன்முதலாக வோல்டேஜ் குமிழைக் கூட்டும் பக்கம் திருகினார்.

தொட்டிகள் முணுமுணுத்தன. ஆசிட்டின் புளித்த நெடிக்கு அடியிலிருந்து, ஐஸ் பாரைப் பொதிந்துவைக்கும் ஈர மரத்தூளின் வாசனை மெல்ல எழுந்து வந்தது. அதை அவர் எங்கே இருந்தாலும் கண்டுகொள்வார். போன மாதம் மகள் கிருபை காய்ச்சலில் போனபோது அவர் டிரெய்னிங்குக்காக வடக்கே இருந்தார். "நான் வந்து முகத்தப் பாக்காம பிள்ளைய எடுக்கக் கூடாது" என்று டிரங்க் காலில் கதறினார். ரயில் வந்து சேரும்வரை மீன் கம்பெனி ஐஸின் மேல் கிடந்தாள் ஏழு வயதுப் பெண். நெற்றியில் முத்தமிட்டவருக்கு உதடு மரத்துப்போனது. பாவி மனுஷன், அதன்பிறகு பானைத் தண்ணீரைக்கூடக் காய்ச்சித்தான் குடிக்கிறார்.

"அப்பா, குளுருதுப்பா."

கடைசித் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். ஓடிவிடலாம்தான். பெற்ற மனசு கேட்கவில்லை.

"இந்தா சூடு ஏத்துதேன், தங்கம். கொஞ்சம் பொறுத்துக்க."

திருகினார். ஆசிட் குமிழியிட்டது. பாதரசம் பதினைந்துக்கு இறங்கியது. இன்னும் திருகினார். பத்து.

"இன்னும் குளுருதுப்பா."

கதவு தடதடத்தது. வெளியே ஆபரேட்டர் பிலோமினா. "அண்ணாச்சி, கதவத் தொறங்க! செவரெல்லாம் அனலாக் கொதிக்கு. நெடியில போர்டுல உக்கார முடியல."

"பிள்ள குளுருல கெடக்கா, பிலோமினா."

"எந்தப் பிள்ள அண்ணாச்சி?" அவள் குரல் உடைந்தது. "நம்ம எல்லாரும்தான கல்லறைக்குப் போனோம். வெளிய வாங்க அண்ணாச்சி."

அவர் நகரவில்லை. ஒருமுறை விட்டுவிட்டுப் போனது போதும்.

ஈரக் காலடிகள். பக்கத்தில். மரத்தூள் ஒட்டிய சின்னக் கை ஒன்று, மிட்டாய் தேடி எப்போதும் நுழைவதுபோல, அவர் சட்டைப் பைக்குள் நுழைந்தது. பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தது. அவர் உள்ளங்கையில் வைத்தது.

"பொருத்துங்கப்பா."

கொதிக்கும் பேட்டரி கக்கும் வாயுவுக்கு ஒரு பொறி போதும், கட்டிடமே போய்விடும். எஸ்றாவுக்குத் தெரியாதா? தெரியும்.

குச்சியை எடுத்தார்.

கதவில் பிலோமினா இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு முன்னால், நீலம் பாரித்த இரண்டு பிஞ்சு உள்ளங்கைகள் குளிர்காய விரிந்து நின்றன.